நம் நூலகத்திற்கு எந்தக் கலைநூல்?

நூலகத்திற்கு நூல் வாங்குவது எளிய பணி என்று எண்ணியிருந்தவர்களுள் நானும் ஒருவன். பணம் இருந்தால் போதும், கடையில் நூல் இருக்கும், வாங்கி வந்து எண் ஒட்டி அடுக்கிவிட்டால் வேலை முடிந்தது என்பதே என் கருத்தாயிருந்தது. அது தவறென்பதைப் பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி ஒரே கேள்வியால் எனக்கு உணர்த்தினாள்.

எங்கள் பகுதித் தமிழன்பர்கள் சேர்ந்து நடத்தும் படிப்பகம் மிகச் சிறியது. இரண்டு அலமாரி, ஒரு நீண்ட மேசை, ஞாயிறு காலைகளில் மட்டும் திறப்பு. மத்திய அரசு அலுவலகமொன்றில் எழுத்தராகப் பணிபுரியும் எனக்குப் பதிவேடு எழுதிப் பழக்கம் உண்டென்பதால் நூற்பதிவை என்னிடம் ஒப்படைத்திருந்தனர். ஒரு முறை அன்பர் ஒருவர் தம் தந்தையார் நினைவாகப் பதினையாயிரம் ரூபாய் அளித்து, “நம் பிள்ளைகள் நம் கோயிற்கலையை அறியும்படி நல்ல நூலாக வாங்கி வையுங்கள்” என்று கேட்டுக்கொண்டார். குழுவின் முன் இரண்டு நூல்கள் வந்தன. ஒன்று, பளபளக்கும் தாளில் பக்கத்துக்குப் பக்கம் வண்ணப்படம் நிறைந்த பெருநூல். இரு கையாலும் தூக்க வேண்டும். மற்றொன்று பழைய புத்தகக் கடையில் அகப்பட்டது. தென்னிந்தியச் செப்புத் திருமேனிகளைப் பற்றி பி. ஆர். சீனிவாசன் ஆங்கிலத்தில் எழுதி, சென்னை அரசு அருங்காட்சியகம் 1963இல் வெளியிட்ட நூல். அட்டை மங்கியிருந்தது. படங்கள் யாவும் கறுப்பு வெள்ளை. நான் தயக்கமின்றி வண்ண நூலுக்குக் கை தூக்கினேன். பெரும்பான்மை என் பக்கமே இருந்தது.

இரண்டு மாதங்கள் கழித்து அச்சிறுமி வந்தாள். கும்பகோணத்துப் பக்கம் அவள் பாட்டியார் ஊர். பள்ளிக் கட்டுரைக்காக அந்நூலைப் புரட்டியவள் ஒரு நடராசர் படத்தைக் காட்டி, “மாமா, இது எந்த ஊர் நடராசர்?” என்றாள். படத்தின் கீழே பார்த்தேன். ‘நடராசர், சோழர் காலம், தென்னிந்தியா’ என்று மட்டும் இருந்தது. நூலின் இறுதியில் தேடினேன். படவிளக்கப் பட்டியல் இல்லை, பெயரகராதியும் இல்லை. “தென்னிந்தியா என்று போட்டிருக்கிறதே அம்மா” என்றேன். “தென்னிந்தியா என்பது ஓர் ஊரா, மாமா?” என்றாள் அவள்.

நூலகத்திலேயே வைத்துப் பார்ப்பதற்கு மட்டும் தருவதும், வீட்டுக்கு இரவல் கொடுக்காததுமான நூலை நோக்கு நூல் என்பர். கதையைப் போல் முதலிலிருந்து முடிவுவரை அதை எவரும் படிப்பதில்லை. ஐயம் எழும்போது திறந்து, விடை கண்டவுடன் மூடுகிறோம். ஆகவே அதன் மதிப்பு, கேட்டதற்கு விடை சொல்கிறதா என்பதைக் கொண்டே அளக்கத்தக்கது. இந்த எளிய உண்மையைப் பதினையாயிரம் ரூபாய் கொடுத்து நான் கற்றுக்கொண்டேன். அதுவும் பிறர் பணம்.

இதில் எனக்கு வெட்கம் தந்த மற்றொன்று, நாம் வாழும் இந்நகரத்தின் வரலாறு. நூலகத் துறையில் உலகம் போற்றும் தமிழர் எஸ். ஆர். அரங்கநாதன் தம் வாழ்வின் கடைசிப் பகுதியைக் கழித்தது பெங்களூரில்தான். சீர்காழியில் 1892இல் பிறந்து, கணித ஆசிரியராயிருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகரானவர் அவர். 1931இல் நூலகவியலின் ஐந்து விதிகளையும், 1933இல் கோலன் பகுப்பு முறையையும் நூலாக வெளியிட்டார். காசி, தில்லி, சூரிக் எனப் பல இடங்களில் இருந்துவிட்டு 1950களின் பிற்பகுதியில் பெங்களூர் வந்து சேர்ந்தார். 1962இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் சார்பில் ஆவணமாக்க ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தை இங்கே நிறுவினார். மல்லேசுவரத்தில்தான் அது முதலில் இயங்கியது. 1972 செப்டம்பர் 27ஆம் நாள் இந்நகரிலேயே அவர் மறைந்தார். அத்தெரு வழியே காய்கறிப் பையுடன் பல முறை நடந்திருக்கிறேன். அங்கே என்ன இருந்ததென்பது எனக்கு அப்போது தெரியாது.

அரங்கநாதனாரின் விதிகளுள் வாசகரின் நேரத்தைக் காப்பது ஒன்று. நூல் பயன்படுவதற்கே என்பது முதல் விதி. நூல் தேர்வுக்கென்றே 1952இல் தனி நூல் எழுதினார். நோக்குப் பணி பற்றியும் விரிவாக எழுதினார். அவருடைய பகுப்பு முறையில் கலைநூலுக்கு எண் இடும்போது, அது எந்த நாட்டுக் கலை, எந்தக் காலத்துக் கலை என்ற இரண்டையும் கொண்டே பாணி குறிக்கப்பெறுகிறது. இடமும் காலமும் இன்றிக் கலைக்குப் பாணி இல்லை என்பது அதன் உட்பொருள். நான் வாங்கிய வண்ண நூலை அக்கண் கொண்டு பார்த்தால், அதற்கு உரிய எண்ணை இடுவதே கடினம்.

இந்த அளவுகோல் மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களிலிருந்து நமக்கு வந்தது என்று எவரேனும் நினைப்பராயின், அவர்கள் தஞ்சைப் பெரிய கோயிலின் சுவர்களை ஒரு முறை பார்த்து வருதல் நலம். இராசராசனும் அவன் தமக்கை குந்தவையாரும் தேவியரும் அதிகாரிகளும் அக்கோயிலுக்கு அளித்த செப்புத் திருமேனிகளின் பட்டியல் அங்கே கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. அறுபதுக்கும் மேற்பட்ட திருமேனிகள் அதில் இடம்பெறுகின்றன. திருமேனி இன்னது, பாதம் முதல் முடி வரை இத்தனை முழம் இத்தனை விரல் உயரம், இத்தனை திருக்கை, கனமாக வார்த்ததா உள்ளீடற்றதா, நின்ற தாமரையின் உயரம் எவ்வளவு, பீடத்தின் அளவு எவ்வளவு, கொடுத்தவர் யார் என்று ஒன்றுவிடாமல் எழுதப்பட்டுள்ளது. முழக்கோலும் கோயிலுக்குரிய முழக்கோல். அணிகலன்களின் பொன்னை நிறுத்த கல்லுக்கு ‘ஆடவல்லான்’ என்று பெயர். முத்துகளைக்கூட வகை பிரித்து எண்ணி எழுதியிருக்கின்றனர்.

ஆண்டுதோறும் அலுவலகத்தில் நாற்காலி, மேசை, மின்விசிறி என இருப்புச் சரிபார்க்கும் என் போன்றவனுக்கு இக்கல்வெட்டைப் படிக்கையில் ஒரு தனி உவகை உண்டாகிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எவனோ ஓர் எழுத்தன், ஓலையும் எழுத்தாணியும் கையிற் கொண்டு, ஒருவர் அளந்து கூற மற்றவர் எழுத, ஒவ்வொரு திருமேனியின் முன்னும் நின்றிருப்பான். நம் மரபின் முதற்பெரும் கலைப் பதிவேடு அது. அத்திருமேனிகளுள் மிகப் பல இன்று இல்லை. பதிவேடு இருக்கிறது. அதனாலேயே எவை இல்லை என்பதும் நமக்குத் தெரிகிறது. இக்கல்வெட்டுகளைப் படியெடுத்து, தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையின் இரண்டாம் தொகுதியாக அச்சிடும் பணியை ஹுல்ட்ஸ் 1891 முதல் தொடங்கினார். கலைநூல் வாங்க விரும்பும் தமிழ் நூலகம் அத்தொகுதியைக் கல்வெட்டு அலமாரியில் மறைத்துவிடாமல் கலைப் பகுதியிலும் ஒரு குறிப்புச் சீட்டு வைத்தல் வேண்டும்.

அச்சு நூல்களுக்கு வருவோம். தமிழகக் கலை பற்றிய நோக்கு நூல்களின் வரலாற்றில் 1914 முதல் 1917 வரையிலான நான்கு ஆண்டுகள் வியக்கத்தக்கவை. புதுச்சேரியில் ஆசிரியராயிருந்த பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ராய், தென்னிந்தியத் தொல்பொருள் பற்றிய தம் நூலை 1914இல் இரு தொகுதிகளாக வெளியிட்டார். ஒன்று கட்டடக்கலை, மற்றொன்று திருவுருவ இயல். அதே 1914இல் திருவிதாங்கூர்த் தொல்லியல் துறையைச் சேர்ந்த து. அ. கோபிநாத ராவ் இந்துத் திருவுருவ இயல் பற்றிய தம் பெருநூலின் முதல் தொகுதியைக் கொணர்ந்தார். இரண்டாம் தொகுதி 1916இல் வந்தது. அவ்வாண்டே கல்வெட்டறிஞர் எச். கிருஷ்ண சாஸ்திரியின் தென்னிந்தியத் தெய்வ உருவங்கள் பற்றிய நூலும் வெளியாயிற்று. துப்ராயின் கட்டடக்கலைக் கருத்துகள் 1917இல் எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் பதிப்பில் ஆங்கிலத்தில் கிடைத்தன.

இவை நான்கும் ஒரே அலமாரியில் இருக்கும். ஆயினும் ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்கமாட்டா. கோபிநாத ராவ் ஆகம நூல்களைத் திரட்டி, இன்ன மூர்த்திக்கு இத்தனை கை, இன்ன ஆயுதம் என்ற விதியைக் கூறி, வடமொழி மூலத்தையும் பின்னிணைப்பாகத் தருகிறார். சிலை ஒன்றைக் கண்டு ‘இவர் யார்?’ என்று வினவுபவர்க்கு இன்றும் அந்நூல் கைகொடுக்கும். ‘இது எந்த நூற்றாண்டு?’ என்று வினவினால் அது பெரிதும் துணை செய்யாது. விதி கூறுவதே அதன் நோக்கம். கிருஷ்ண சாஸ்திரியின் நூல் அதனினும் எளியது. பொது வாசகர் கையில் தயங்காமல் கொடுக்கலாம்.

காலத்தைக் கேட்பவர் துப்ராயிடம் செல்ல வேண்டும். அவர் கோயிலின் பேரழகைப் பாடிக்கொண்டிருக்கவில்லை. தூணின் மேலிருக்கும் போதிகையைப் பார்த்தார். பல்லவர் காலத்தில் அது வளைந்து, அலை போன்ற வரிகளுடன் இருக்கிறது. சோழர் காலத்தில் கோணமாக வெட்டப்பட்டு, நடுவே ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கிறது. விசயநகர காலத்தில் அம்முனை தாழ்ந்து பூமொட்டாக மலர்கிறது. கொடுங்கையின் மேலுள்ள கூட்டின் உச்சியைப் பார்த்தார். பல்லவர் கூட்டின் தலை மண்வாரி போன்றது. சோழர் கூட்டின் தலையில் சிங்கமுகம். சிறிய உறுப்புகள் மாறும் முறையைக் கொண்டே பெரிய கோயிலின் காலத்தைக் கணித்தார். சிற்பிகளிடம் கேட்டு அவர்கள் வழங்கிய பெயர்களையும் குறித்தார். கோடை விடுமுறைக்கு ஊர் செல்லும் குடும்பத்தார் இந்த இரண்டு அடையாளங்களை மட்டும் நினைவிற் கொண்டு சென்றால், தம் ஊர்க் கோயில் அவர்களிடம் புதிதாய்ப் பேசத் தொடங்கும். என் மகனை நான் அவ்வாறு பழக்கியதன் விளைவாக, இப்போது அவன் சாமி கும்பிடுவதற்கு முன் அண்ணாந்து போதிகையைப் பார்க்கிறான். என் தாயாருக்கு அது பிடிக்கவில்லை.

இனி, நூல் வாங்குவோர் எளிதில் ஏமாறும் இடம் ஒன்றைக் கூற வேண்டும். ஆனந்த குமாரசாமியின் இந்திய, இந்தோனேசியக் கலை வரலாறு 1927இல் வெளிவந்தது. கொழும்பில் 1877இல் தமிழ்த் தந்தைக்கும் ஆங்கிலத் தாய்க்கும் பிறந்து, அமெரிக்காவின் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பேரறிஞர் அவர். நானூறு படங்கள் கொண்ட அந்நூலை இன்றும் நிகரற்றது என்று போற்றுவோர் பலர். 1965இல் அது மீண்டும் அச்சிடப்பட்டது. நூலின் முகப்பில் 1965 என்று கண்டு அவ்வாண்டு வரையிலான செய்தி உள்ளே இருக்குமென்று கருதுபவர் பிழை செய்வர். ஆசிரியர் 1947இலேயே காலமானார். தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் நாயக்கர் கால ஓவியத்தின் அடியில் சோழர் ஓவியம் இருப்பதை எஸ். கே. கோவிந்தசாமி கண்டறிந்ததே 1931இல்தான். 1927இல் எழுதப்பட்ட நூலில் அது எவ்வாறு இருக்கும்? மறுபதிப்பின் ஆண்டு அச்சகத்தின் ஆண்டு, அறிவின் ஆண்டன்று. பழைய நூல்களை வாங்கத்தான் வேண்டும். ஆயின் ‘முதற்பதிப்பு 1927’ என்று முகப்பிலேயே பென்சிலால் எழுதி வைத்துவிட்டால் பின்னால் வருபவர்க்கு உதவியாயிருக்கும்.

ஊர்ப்பெயர்ச் சிக்கலும் உண்டு. பழைய ஆங்கில நூல்களில் தஞ்சாவூர் ‘டாஞ்சூர்’, காஞ்சிபுரம் ‘காஞ்சீவரம்’. நம் பிள்ளைகள் பெயரகராதியில் தேடிக் காணாமல், இல்லை என்று மூடிவிடுகின்றனர். மாவட்டமும் மாறிவிட்டது. பழைய நூல் தஞ்சாவூர் மாவட்டம் என்று கூறும் ஊர்களுட் பல 1991இல் நாகப்பட்டினத்துக்கும் 1997இல் திருவாரூருக்கும் பிரிந்தன. திருவெண்காடு போன்றவை 2020 முதல் மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ளன. நூலின் குற்றமன்று இது. நூலகர் ஒரு தாளில் தமிழில் எழுதி உள்ளட்டையில் ஒட்டிவிட்டால் தீரும்.

செப்புத் திருமேனிகளுக்கு வருவோம். இங்கேதான் நோக்கு நூலின் பெருமையும் அது இல்லாமையின் கேடும் நன்கு விளங்கும். சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள திருமேனிகளுக்கு எஃப். எச். கிரேவ்லியும் டி. என். இராமச்சந்திரனும் சேர்ந்து 1932இல் ஒரு விவரப் பட்டியல் வெளியிட்டனர். ஒவ்வொன்றும் எங்கே கிடைத்தது, எவ்வகையினது என்பதை ஒழுங்காகத் தந்த முன்னோடி நூல் அது. திருமேனிகளில் காலம் பொறிக்கப்பட்டிருத்தல் அரிது. திருவெண்காட்டு இடபவாகன மூர்த்தி 1011ஆம் ஆண்டினர் என்பது கோயிற் கல்வெட்டால் தெரிகிறது. இத்தகைய ஓரிரண்டு சான்றுகளைப் பற்றிக்கொண்டே மற்றவற்றின் காலத்தை அறிஞர்கள் கணிக்கின்றனர். ஆதலின் ஒருவர் பத்தாம் நூற்றாண்டு என்பதை மற்றவர் பதினொன்று என்பார். அவ்வாறு வேறுபடும் நூல்களைக் கண்டு நூலகக் குழுவினர் அஞ்ச வேண்டியதில்லை. ஏன் அவ்வாறு கணித்தேன் என்று காரணம் காட்டும் நூலையே நம்ப வேண்டும். காரணம் கூறாமல் காலம் மட்டும் கூறுவது சோதிடம்.

1963இல் சீனிவாசன் நூலும் சி. சிவராமமூர்த்தியின் தென்னிந்தியச் செப்புத் திருமேனிகள் நூலும் வந்தன. 1965இல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் முற்காலச் சோழர் செப்புத் திருமேனிகள் பற்றித் தம் நூலை எழுதினார். இந்நூலால் விளைந்ததைச் சற்று விரிவாகக் கூறுகிறேன்.

கும்பகோணத்துக்கு அண்மையில் சிவபுரம் என்று ஒரு சிற்றூர். 1951இல் அங்கே நிலத்தினடியிலிருந்து சில செப்புத் திருமேனிகள் கிடைத்தன. அவற்றுள் நடராசர் தலைசிறந்தவர். திருமேனிகள் ஊர்க் கோயிலிடம் ஒப்படைக்கப்பட்டன. சிறு பழுது நீக்குவதற்காக 1954இல் அவற்றைச் சிற்பி ஒருவரிடம் கொடுத்தனர். திரும்பி வந்தவற்றுக்கு வழிபாடும் நடந்தது. வந்தவை படிகள் என்பதும், அசல் நடராசர் விற்கப்பட்டுக் கைமாறிக்கொண்டிருந்தார் என்பதும் ஊராருக்குத் தெரியாது. கோயிலில் இருப்பது அசலன்று என்பதைத் தம் 1965ஆம் ஆண்டு நூலில் எழுதி உலகறியச் செய்தவர் பாரெட். திருமேனிகளை உறுப்பு உறுப்பாக ஒப்பிட்டுப் பழகிய கண் அது.

அதன் பின்னரும் அம்மூர்த்தியின் பயணம் நிற்கவில்லை. கடல் கடந்து அமெரிக்கா சென்றார். 1973இல் நார்ட்டன் சைமன் அறக்கட்டளை அவரை ஒன்பது இலட்சம் டாலருக்கு வாங்கியது. இந்திய அரசு வழக்குத் தொடுத்தது. 1976இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டு, பத்தாண்டுக் காலம் அங்கே காட்சியில் இருந்தபின், 1986இல் நடராசர் தாய்நாடு திரும்பினார். பத்தூர் நடராசர் லண்டன் நீதிமன்றத்தில் வழக்காடி 1991இல் திரும்பிய வரலாறும் உண்டு. அவ்வழக்கில் தமிழகத் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சாட்சியம் அளித்ததைப் பலரும் அறிவர்.

அண்மைக் காலத்துச் செய்தி ஒன்று இதனினும் தெளிவானது. அரியலூர் மாவட்டம் சிறீபுரந்தான் கோயில் நடராசரை ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் ஐம்பது இலட்சம் டாலர் கொடுத்து வாங்கியது. விற்றவர் காட்டிய பழைய உரிமைத் தாள்கள் பொய்யானவை. அந்தத் திருமேனி சிறீபுரந்தான் கோயிலுக்குரியதே என்று நிலைநாட்டியது, 1955இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்னரே கோயிலில் எடுத்து, ஊர்ப்பெயர் எழுதி, அடுக்கி வைத்திருந்த புகைப்படம். 2014 செப்டம்பரில் நடராசர் இந்தியாவுக்குத் திருப்பித் தரப்பட்டார். அப்புகைப்படம் கறுப்பு வெள்ளையா வண்ணமா என்று எந்த அதிகாரியும் கேட்டிருக்கமாட்டார். எந்த ஊர், எந்த ஆண்டு என்றே கேட்டிருப்பர். ‘தென்னிந்தியா’ என்று மட்டும் எழுதி வைத்திருந்தால் அம்மூர்த்தி இன்றும் அயல்நாட்டிலேயே இருந்திருப்பார். அச்சிறுமி என்னிடம் கேட்டதும் அதே கேள்விதானே!

இவற்றையெல்லாம் அறிந்தபின் நான் கலைநூலைக் கையில் எடுத்தால் முதற்பக்கத்தைப் பார்ப்பதில்லை. கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். பெயரகராதி உண்டா என்று பார்க்கிறேன். எனக்கு நன்கு தெரிந்த ஓர் ஊரை அதில் தேடி, அப்பக்கத்தில் கூறியிருப்பது சரிதானா என்று ஒத்துப் பார்க்கிறேன். தெரிந்ததில் தவறும் நூல் தெரியாததில் தவறாதென்று எவ்வாறு நம்புவது? பிறகு ஏதேனும் ஐந்து படங்களின் அடிக்குறிப்பைப் படிக்கிறேன். ஊர், உயரம், இப்போது இருக்கும் இடம் ஆகிய மூன்றும் உள்ளனவா என்பதே என் வினா. தாளும் அட்டையும் அதன் பிறகே.

தமிழில் என்ன இருக்கிறது என்று அன்பர்கள் கேட்பர். பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராயிருக்க, தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியம் நம் மொழிக்குக் கிடைத்த பெருஞ்செல்வம். பெயரில் ‘கலை’ இருப்பது கண்டு அதனைச் சிற்பம், ஓவியம் பற்றிய அலமாரியில் வைத்திருந்த நூலகம் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அங்கே கலை என்பது எல்லா அறிவுத் துறைகளையும் குறிக்கும். மயிலை சீனி. வேங்கடசாமியின் ‘தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்’ 1956இல் வந்தது. கட்டடம், சிற்பம், ஓவியம், இசை, கூத்து, காவியம் அனைத்தையும் சான்றுகளுடன் எளிய தமிழில் கூறும் அந்நூல் ஒவ்வொரு தமிழ்ப் படிப்பகத்திலும் இருக்கத்தக்கது. வை. கணபதி ஸ்தபதியின் ‘சிற்பச் செந்நூல்’ 1978இல் வெளிவந்தது. உளி பிடித்த மரபில் வந்தவரே எழுதியது என்பதால் அளவும் கலைச்சொல்லும் அதில் நம்பகமானவை.

கலைச்சொல் என்பது சிறிய செய்தியன்று. அமெரிக்க இந்தியவியல் நிறுவனம் 1983 முதல் வெளியிட்ட இந்தியக் கோயிற் கட்டடக்கலைக் களஞ்சியம் அரிய பணி. தமிழகத்தை உள்ளடக்கிய முதற்பகுதியே 1983இல் வந்தது. ஆனால் நாடு முழுமைக்கும் பொதுவாக வடமொழிச் சொற்களையே அது ஆள்கிறது. ‘கொடுங்கை’ என்று கேட்டுப் பழகிய நம்மவர் அங்கே ‘கபோதம்’ என்று கண்டு திகைப்பர். சிற்பச் செந்நூலை அருகில் வைத்துக்கொண்டு படித்தால் இடர் நீங்கும். அக்களஞ்சியத்தில் எழுத்து ஒரு புத்தகமாகவும் படங்கள் வேறொரு புத்தகமாகவும் இருக்கின்றன. ஒன்று போனால் மற்றொன்று பாதிப் பயனே தரும் என்பதைப் பதிவேடு எழுதுவோர் கவனிக்க வேண்டும்.

தமிழகத்தைப் பற்றியே பேசிக்கொண்டு, நிற்கும் மண்ணை மறப்பது முறையன்று. பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளை பி. எல். ரைஸ் திரட்டி, எபிகிராபியா கர்நாடிகா வரிசையின் ஒன்பதாம் தொகுதியாக 1905இல் வெளியிட்டார். அதில் தமிழ்க் கல்வெட்டுகள் மிகுதி. நாம் நாள்தோறும் பேருந்தில் கடக்கும் டொம்லூரின் சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. சொக்கநாதர் என்றவுடன் மதுரையை நினைந்து சிவன் கோயில் என்று சென்றுவிடாதீர்கள், அங்கே எழுந்தருளியிருப்பவர் பெருமாள். தொம்பலூரான தேசிமாணிக்கப்பட்டணம் என்று அக்கல்வெட்டுகள் அவ்வூரைக் குறிக்கின்றன. போசள வேந்தர் காலத்தில் இங்கே தமிழில் எழுதினர், அதனை இந்த மாநிலத்துத் தொல்லியல் துறையினரே பாடுபட்டுப் பதிந்து காத்தனர் என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டாமா? நகரில் 1909இல் தோன்றிய மிதிக் சொசைட்டியின் நூலகமும் கப்பன் பூங்காவின் செந்நிறக் கட்டடத்திலுள்ள நூலகமும் இருக்கையில், எல்லாப் பெருநூல்களையும் நம் சிறு படிப்பகம் விலை கொடுத்து வாங்க வேண்டுமென்பதில்லை. எது எங்கே இருக்கிறதென்று எழுதி வைத்தாலே பாதி நோக்கு நூலகம் ஆகிவிடும்.

சீனிவாசனின் நூலைப் பிறகு என் கைப்பணம் கொடுத்து வாங்கி வைத்தேன். நல்லவேளையாக அப்பழைய புத்தகக் கடையில் அது விலைபோகாமல் கிடந்தது. வண்ணப் பெருநூலையும் தள்ளிவிடவில்லை. ஞாயிறு தோறும் நானும் அச்சிறுமியும் வேறு இரண்டு மாணவர்களும் அதன் படங்களைப் பிற நூல்களின் படங்களோடு ஒத்துப் பார்த்து, ஊர் கண்டுபிடித்துச் சிறு சீட்டில் எழுதி அந்தந்தப் பக்கத்தில் வைத்து வருகிறோம். திருக்கரங்களின் வளைவு, பீடத்துத் தாமரை இதழ்களின் எண்ணிக்கை, திருவாசியின் சுடர்கள் என்று இவற்றையெல்லாம் எண்ணுவதில் பிள்ளைகள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். இதுவரை முப்பத்தொரு படங்களுக்கு ஊர் எழுதியாயிற்று. அவள் முதன்முதல் காட்டிய நடராசருக்கு மட்டும் இன்னும் எழுதவில்லை. இரண்டு ஊர்களைக் கூறுகிறார்கள், எனக்கு இரண்டிலும் ஐயம் இருக்கிறது. அறிந்த அன்பர்கள் எந்த ஞாயிறன்றும் காலை ஒன்பது மணிக்கு மேல் வந்து அப்படத்தைப் பார்க்கலாம்.